ஹிரோஷிமா குண்டில் மணவாளக்குறிச்சி மணல் இருந்ததா?

கடியப்பட்டணத்தான்:

சின்ன வயதிலிருந்து கேட்டுவரும் கதை இது. மணவாளக்குறிச்சி, சின்னவிளை, மண்டைக்காடு பக்கம் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் "ஜப்பான்ல போட்ட குண்டு நம்ம மண்ணுலேருந்து எடுத்ததுதான் மக்ளே" என்பார்கள். என் மாமனார் அதற்கும் ஒரு படி மேலே. யுத்தத்துக்கு முன்னாலேயே வெள்ளைக்காரன் கப்பல் கப்பலாக அள்ளிக்கொண்டு போனான், திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயருக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் விட்டுக்கொடுத்தார் என்கிறார். சமீபத்தில் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது இதை வைத்துப் பெரிய தர்க்கமே நடந்தது. இஞ்சினியரிங் படிக்கிற பையன் ஒருவன் "தோரியத்தில் குண்டு செய்ய முடியாது" என்று ஆரம்பித்தான், அவனை யாரும் வாய் திறக்கவே விடவில்லை.

எனக்குத் தெரியவேண்டியது இதுதான்: மணல் இங்கிருந்து போனது நிஜமா? போனது என்றால் குண்டில் அது இருந்ததா? இல்லை என்றால் அந்த யுரேனியத்தை எங்கிருந்து எடுத்தார்கள்? ஹிரோஷிமா, நாகசாகி இரண்டிலும் போட்டது ஒரே மாதிரி குண்டுதானா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள், லிங்கை மட்டும் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள்.

தக்கலை வாத்தியார்:

தம்பி, உங்கள் மாமனார் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதி சரியாக இருப்பதால்தான் மீதிப் பாதியும் இத்தனை வருஷமாக எடுபடுகிறது. நான் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன், வகுப்பில் வருஷா வருஷம் இதே கேள்வி வரும்.

மணல் போனது நிஜம். திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதில் தோரியம் அடங்கிய மோனசைட் என்ற தாது இருப்பதை 1909-ல் கண்டுபிடித்தவர் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர். கண்டுபிடித்ததோடு நிற்காமல் இங்கேயே வந்து மணவாளக்குறிச்சியில் ஆலையும் போட்டார். முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன்காரருக்கு இங்கே என்ன வேலை என்று ஆகிவிட்டது, தொழில் பிரிட்டிஷ் கம்பெனிகளின் கைக்குப் போனது. ஆனால் அன்றைக்கு அந்த மணலுக்கு இருந்த மதிப்பு குண்டுக்காக இல்லை, விளக்குக்காக. பெட்ரோமாக்ஸ் மேண்டில் ஞாபகம் இருக்கிறதா? புதுசாகக் கட்டும்போது சின்னத் துணிப் பை மாதிரி தொங்கும், ஒரு தடவை கொளுத்தினால் துணி எரிந்துபோய் வெள்ளை வலை மட்டும் நிற்கும், கை பட்டால் பொடிப்பொடியாக உதிரும். அந்த வெள்ளை வலைதான் தோரியம் ஆக்சைடு, கூட ஒரு சதவீதம் போல சீரியம். கோயில் கொடைக்கும் குருசடித் திருநாளுக்கும் தலையில் சுமந்து வந்த விளக்கின் வெளிச்சம் எல்லாம் அதிலிருந்து வந்ததுதான். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தெருவிளக்கே அதில் எரிந்த காலம் அது. அதனால் கப்பல் ஏறியது என்பது சரி.

குண்டில் இருந்ததா என்றால், இல்லை. ஹிரோஷிமா குண்டு யுரேனியம்-235. நாகசாகி குண்டு புளுட்டோனியம்-239. இரண்டிலும் தோரியம் எரிபொருளாக இல்லை. ஒரு அணு பிளந்து அடுத்ததைப் பிளக்கவைக்கும் தொடர்வினையைத் தோரியம்-232 தானாக நடத்தாது. ஒரு நியூட்ரானை விழுங்கி, இடையில் புரோட்டாக்டினியமாகச் சில வாரம் இருந்து, அப்புறம்தான் யுரேனியம்-233 ஆகும். அந்த 233 பிளவுபடும். போர்க்காலத்திலேயே சீபோர்க் என்ற அமெரிக்க வேதியியலாளரின் குழு கலிஃபோர்னியாவில் இதைக் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் தோரியத்தை அப்படி மாற்றுவதற்கே முதலில் ஒரு அணு உலை ஓடவேண்டும், அதற்கு யுரேனியம் வேண்டும். யுரேனியம் கையில் இருக்கிறவன் எதற்குச் சுற்றுவழி போகிறான்.

மோனசைட்டில் 0.3 சதவீதம் போல யுரேனியமும் உண்டே என்று யாராவது கிளம்புவார்கள். உண்டு. ஆனால் அமெரிக்கர்களுக்கு அதைவிடக் கொழுத்த சரக்கு ஏற்கெனவே வீட்டு வாசலில் கிடந்தது. பெல்ஜியத்தின் பிடியில் இருந்த காங்கோவில் ஷின்கோலோப்வே என்று ஒரு சுரங்கம். அதன் நிர்வாகி எட்கர் செஞ்சியர், ஜெர்மன்காரன் கையில் மாட்டிவிடக்கூடாது என்று 1940-ல் 1,200 டன் தாதுவை நியூயார்க்குக்கு அனுப்பி ஸ்டேட்டன் தீவில் ஒரு கிடங்கில் டிரம் டிரம்மாக அடுக்கிவைத்திருந்தார். அதில் 65 சதவீதம் யுரேனியம் ஆக்சைடு. போருக்குப் பிறகு 0.3 சதவீதம் கிடைத்தாலே நல்ல தாது என்று கொண்டாடினார்கள், அப்படியென்றால் இது எப்பேர்ப்பட்ட சரக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1942 செப்டம்பரில் அமெரிக்க ராணுவ அதிகாரி நிக்கல்ஸ் போய்க் கேட்டதும் அன்றைக்கே பேரம் முடிந்தது. மிச்சம் கனடாவிலிருந்தும் கொலராடோ பக்கத்திலிருந்தும் வந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

வடசேரி சந்தை:

அப்போ நம்ம மண்ணுக்கு இதில் பங்கே இல்லையா, சப்புன்னு ஆகிவிட்டதே சார் 😀 ஊர்ப்பெருமையில் கை வைத்துவிட்டீர்களே.

தக்கலை வாத்தியார்:

பெருமைப்படுகிற விஷயமா ஓய் அது. பங்கு வேறு விதத்தில் வந்தது, சொல்கிறேன்.

முதலில் குண்டு. பலரும் ஐன்ஸ்டைன் ஏதோ சூத்திரம் எழுதினார், ஓப்பன்ஹைமர் அதைப் பார்த்துக் குண்டு செய்துவிட்டார் என்று நினைக்கிறார்கள். யோசனை கஷ்டமே இல்லை. 1938 டிசம்பரில் பெர்லினில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியம் பிளவுபடுவதைக் கண்டார்கள், லீஸ மைட்னரும் அவருடைய சகோதரி மகன் ஃப்ரிஷும் அது என்ன என்று விளக்கினார்கள். 1940 மார்ச்சிலேயே ஃப்ரிஷும் பையர்ல்ஸும் பர்மிங்ஹாமில் உட்கார்ந்து, சுத்தமான 235 சில கிலோ இருந்தாலே குண்டு ஆகும் என்று சில பக்கத்தில் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கஷ்டம் எல்லாம் அந்தச் சில கிலோவைச் சேர்ப்பதில்தான். இயற்கை யுரேனியத்தில் ஆயிரத்துக்கு ஏழுதான் 235. மிச்சம் 238. இரண்டுக்கும் வேதியியல் ஒன்று, அமிலத்தில் கரைத்து எல்லாம் பிரிக்க முடியாது, எடையில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலே மட்டும் வித்தியாசம். அதைப் பிரிக்கத்தான் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்ற ஊரையே புதிதாகக் கட்டினார்கள்.

அங்கே ஒய்-12 என்ற ஆலையில் பெரிய பெரிய காந்தங்கள். யுரேனிய அயனிகளை அதற்குள் ஓடவிட்டால் லேசானது கொஞ்சம் கூடுதலாக வளையும், அதைத் தனியாகப் பிடிக்கவேண்டும். காந்தத்துக்குச் சுற்றச் செம்புக் கம்பி வேண்டும், போர்க்காலம், செம்பு கிடையாது. அதனால் அரசாங்கக் கருவூலத்தில் போய் வெள்ளி கேட்டார்கள். நம்ம பழைய நிக்கல்ஸ்தான் போய் ஆயிரக்கணக்கான டன் வேண்டும் என்றார். கருவூலத்து அதிகாரி, வெள்ளியை நாங்கள் டன்னில் பேசுவதில்லை, அவுன்ஸில்தான் பேசுவோம் என்று முறைத்தாராம். கடைசியில் கடனாக வாங்கியது கிட்டத்தட்ட 14,700 டன். போர் முடிந்தபிறகு திருப்பிக் கொடுத்தார்கள். அந்த எந்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்து குமிழைத் திருகியவர்கள் பள்ளிக்கூடம் முடித்த சுற்றுவட்டாரத்துப் பெண்பிள்ளைகள். முள் இந்த எல்லைக்குள் நிற்கவேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குச் சொன்னது, என்ன செய்கிறோம் என்று தெரியாது. டாக்டர் பட்டம் வாங்கினவர்களோடு போட்டி வைத்தபோது அந்தப் பிள்ளைகள்தான் அதிகம் எடுத்தார்கள். படித்தவர்கள் முள் ஏன் ஆடுகிறது என்று ஆராய உட்கார்ந்துவிட்டார்கள். (நானும் அந்த ஜாதிதான், என் வீட்டு மிக்ஸி ரிப்பேரானால் மனைவி சொல்வது இதையேதான்.)

இப்படிச் சேர்த்த யுரேனியம் சுமார் 64 கிலோ ஹிரோஷிமா குண்டுக்குள் போனது. அமைப்பு ரொம்பச் சாதாரணம். ஒரு பீரங்கிக் குழல், ஒரு முனையில் ஒரு துண்டு, மறுமுனையில் இன்னொரு துண்டு, வெடிமருந்தால் ஒன்றை மற்றதன் மேல் அடித்துச் சேர்ப்பது. வேலை செய்யும் என்று அவ்வளவு நிச்சயம் இருந்ததால் சோதித்துப் பார்க்கவே இல்லை, சோதிக்கக் கூடுதல் யுரேனியமும் கையில் இல்லை. 64 கிலோவில் உண்மையில் பிளந்தது ஒரு கிலோகூட வராது. அதற்கே 15,000 டன் டிஎன்டி வெடிமருந்தின் பலம்.

நாகசாகிக்குப் போனது வேறு ஜாதி. வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்ஃபோர்டில் கொலம்பியா ஆற்றங்கரையில் உலைகள் கட்டி, யுரேனியம்-238-ஐ புளுட்டோனியமாக மாற்றினார்கள். 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் விளையாட்டு மைதானத்து இருக்கைகளுக்கு அடியில் ஃபெர்மி கிராஃபைட் கட்டிகளை அடுக்கி ஓடவைத்த முதல் உலை இருக்கிறதே, அதன் பெரிய தம்பிகள். இந்தப் புளுட்டோனியத்தில் 240 என்ற கலப்பும் வந்தது. அது தானாகவே பிளந்துகொண்டிருக்கும். பீரங்கி முறையில் இரண்டு துண்டும் சேர்வதற்குள் பாதியில் பிசுபிசுத்துப் போய்விடும் என்று 1944 ஜூலையில் தெரிந்தது. அதுவரை செய்த டிசைனைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெரிய சாத்துக்குடி அளவு புளுட்டோனிய உருண்டையைச் சுற்றி வெடிமருந்தை அடுக்கி, 32 இடத்தில் ஒரே நொடியில், அதிலும் நொடியின் லட்சத்தில் ஒரு பங்குகூடப் பிசகாமல் வெடிக்க வைத்து எல்லாப் பக்கமும் இருந்து நசுக்குவது என்று போனார்கள். இதில் நம்பிக்கை போதவில்லை. அதனால்தான் 1945 ஜூலை 16 விடியற்காலை நியூமெக்சிகோ பாலைவனத்தில் டிரினிட்டி சோதனை நடத்தினார்கள். ஆக உலகத்தில் முதலில் வெடித்தது நாகசாகி மாதிரிக் குண்டுதான், ஹிரோஷிமா மாதிரி அல்ல.

இனி நம்ம மணல். 1944-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து ஒரு கூட்டு அமைப்பு வைத்தார்கள், தலைவர், அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்தை நடத்திய ஜெனரல் குரோவ்ஸ். உலகத்தில் எங்கெல்லாம் யுரேனியமும் தோரியமும் இருக்கிறதோ அதையெல்லாம் வளைத்துப்போடுவதுதான் அதன் வேலை. அந்தப் பட்டியலில் காங்கோவும் பிரேசிலும் இருந்தன, நம்ம திருவிதாங்கூரும் இருந்தது. நாளைக்குத் தோரியமும் குண்டுக்கு ஆகும் என்ற கணக்கு. குண்டு விழுந்ததும் திருவிதாங்கூருக்கே தன் மணலின் விலை புரிந்தது. 1946-ல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 1947-ல் சி.பி. தனிநாடு என்று அறிவித்தபோது, கையில் மோனசைட் இருக்கிறது, பிரிட்டனோடு ஒப்பந்தம் இருக்கிறது என்ற தைரியமும் அதில் சேர்ந்திருந்தது. ஜூலையில் அவரை வெட்டிக் காயப்படுத்தியதும் அந்தக் கனவு முடிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950-ல் ஐ.ஆர்.இ. (இந்தியன் ரேர் எர்த்ஸ்) என்ற அரசு நிறுவனம் வந்து, மோனசைட் மத்திய அரசின் பிடிக்குள் போய்விட்டது. மாமனார் திவான் பெயரைச் சொன்னது சும்மா இல்லை, குண்டுக்கு முன்னாலும் பின்னாலும் நடந்ததைச் சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கிறார்.

கோட்டாறு சவேரியார்த்தெரு:

சார் அருமையாக எழுதியிருக்கிறீர்கள். நாகசாகி பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் நம்ம மாவட்டத்துக்கு மணலைவிட நெருக்கமான சம்பந்தம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

1544-ல் நம்ம கடற்கரையில் ஊர் ஊராக நடந்து ஞானஸ்நானம் கொடுத்த அதே சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று ஜப்பானில் ககோஷிமா போய் இறங்கினார். அதிலிருந்து கிளம்பிய கிறிஸ்தவம் நாகசாகியில் ஊன்றியது. 1614-ல் நாடு முழுக்கத் தடை. அதற்கப்புறம் இருநூற்றைம்பது வருஷம் குருவானவர் இல்லாமல், கோயில் இல்லாமல், வீட்டுக்குள்ளேயே செபம் சொல்லி மறைந்து வாழ்ந்தவர்கள் நாகசாகியின் ஊரக்காமி பகுதி மக்கள். 1865-ல்தான் வெளியே தெரிந்தார்கள். தெரிந்ததும் மறுபடி பிடித்து நாடு கடத்தினார்கள். திரும்பி வந்து சிறுகச் சிறுகக் காசு சேர்த்துச் செங்கல்லில் ஒரு பேராலயம் கட்டினார்கள்.

1945 ஆகஸ்ட் 9 அன்று குண்டு அவர்களுக்காகக் கிளம்பவே இல்லை. பாக்ஸ்கார் விமானத்துக்குக் கொடுத்த இலக்கு கொக்குரா. அங்கே புகையும் மேகமுமாக இருந்ததால் மூன்று தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, எரிபொருள் பம்ப் ஒன்று வேறு வேலை செய்யாததால் அதற்குமேல் நிற்க முடியாமல், இரண்டாவது இலக்கான நாகசாகிக்குத் திரும்பினார்கள். அங்கேயும் மேகம். ஒரு இடைவெளியில் தெரிந்ததைப் பார்த்துப் போட்டதில், குறித்த இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் போலத் தள்ளி, ஊரக்காமி பள்ளத்தாக்கின் மேல் 11:02-க்கு வெடித்தது. பேராலயத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் தூரம். ஆகஸ்ட் 15 திருநாளுக்கு ஆயத்தமாக அந்த நேரம் கோயிலில் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது, நடந்துகொண்டிருந்தது. நம்ம ஊரில் திருநாளுக்கு முந்தின வாரம் வரிசையில் நிற்போமே, அப்படி. உள்ளே இருந்த குருக்களும் சனமும் யாரும் மிஞ்சவில்லை. அந்த ஆலயத்தைச் சேர்ந்த சனம் சுமார் 12,000 பேர், அதில் 8,500 பேர் போனார்கள் என்று சொல்வது வழக்கம். நகரம் முழுக்க அந்த வருஷக் கடைசிக்குள் 70,000-க்கு மேல்.

படந்தாலுமூடு:

எல்லாம் சரி, ஆனால் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். ஜப்பான்காரன் சீனாவிலும் பர்மாவிலும் செய்தது என்ன? சயாம் ரயில் பாதை போட நம்ம தமிழ் ஆட்களைத்தானே மலேயா தோட்டத்திலிருந்து கூட்டிக்கொண்டு போய்க் கொன்றான்? குண்டு போடவில்லை என்றால் போர் இன்னும் ஒரு வருஷம் இழுத்திருக்கும், இரண்டு பக்கமும் லட்சக்கணக்கில் செத்திருப்பார்கள். அதே வருஷம் மார்ச் மாதம் டோக்கியோவில் ஒரே ராத்திரி தீக்குண்டு போட்டு லட்சம் பேர் அளவுக்குச் செத்தார்களே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குண்டு என்றால் எல்லாம் குண்டுதான்.

கோட்டாறு சவேரியார்த்தெரு:

சயாம் ரயில்பாதையில் செத்தவர்களை யார் மறந்தார்கள் அண்ணே? அதற்கான கணக்கை ஊரக்காமியில் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற பாட்டிகளிடம் தீர்க்கலாமா என்பதுதான் என் கேள்வி.

தக்கலை வாத்தியார்:

படந்தாலுமூட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான், டோக்கியோ பற்றிச் சொன்னதும் சரி. ஆனால் "குண்டு இல்லாவிட்டால் ஒரு வருஷம்" என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்லமுடியாது. அந்த வாரத்தில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா. 8-ம் தேதி இரவு சோவியத் யூனியன் போர் அறிவித்து, 9-ம் தேதி விடியுமுன் மஞ்சூரியாவுக்குள் நுழைகிறது. ஸ்டாலினை இடையில் வைத்துச் சமாதானம் பேசலாம் என்று டோக்கியோ நம்பிக்கொண்டிருந்தது, அது அன்றோடு போனது. அன்று காலை மந்திரிகளும் படைத் தலைவர்களுமாக ஆறு பேர் கூடி எந்த நிபந்தனையில் சரணடைவது என்று மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்து நிற்கும்போதுதான் நாகசாகிச் செய்தி வருகிறது, அதற்குப் பிறகும் ஓட்டு மாறவில்லை. கடைசியில் அரசர் முடிவு சொன்னார், 15-ம் தேதி ரேடியோவில் பேசினார். குண்டு காரணமா சோவியத் காரணமா என்று சரித்திரக்காரர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். என் அபிப்பிராயம், முதல் குண்டுக்காவது வாதம் செய்ய இடம் இருக்கிறது, மூன்றே நாளில் இரண்டாவது போட்டதற்கு ஒரு சமாதானமும் என்னால் ஏற்க முடியவில்லை. கட்டளையே "தயாரானதும் போடு" என்ற மாதிரிதான் இருந்தது, இரண்டாவதுக்கென்று தனியாக யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

இன்னொன்று. இந்த வேலை தொடங்கியது ஹிட்லர் முந்திவிடுவான் என்ற பயத்தில். 1939-ல் விஞ்ஞானி சிலார்டு எழுதி, ஐன்ஸ்டைன் கையெழுத்துப் போட்டு அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய கடிதமே அதற்குத்தான். 1944 கடைசியில் ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்று தெரிந்துவிட்டது. அதைக் கேட்டு, குண்டை வடிவமைத்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியவர் ஜோசப் ராட்பிளாட் என்ற விஞ்ஞானி, மனசாட்சிக் காரணத்துக்காக விலகினவர் என்று அவர் ஒருவரைத்தான் சொல்வார்கள். மற்றவர்கள் வேலையை இன்னும் வேகப்படுத்தினார்கள். அதே சிலார்டு 1945 ஜூலையில், ஜப்பானுக்கு எச்சரிக்கை கொடுக்காமல் போடாதீர்கள் என்று எழுபது விஞ்ஞானிகளிடம் கையெழுத்து வாங்கி மனு அனுப்பினார். அது அதிபர் ட்ரூமன் கைக்கே போய்ச் சேரவில்லை.

வடசேரி சந்தை:

சார் ஒரு சின்ன சந்தேகம். அப்படியென்றால் கூடங்குளம் உலை அணுகுண்டு மாதிரி வெடிக்குமா? எங்கள் பக்கம் 2011-ல் அந்தப் பேச்சு ரொம்ப ஓடியது.

தக்கலை வாத்தியார்:

குண்டு மாதிரி வெடிக்காது. ஹிரோஷிமா குண்டில் இருந்தது 235-ன் பங்கை 80 சதவீதம் அளவுக்குக் கூட்டிய, அதாவது செறிவூட்டிய யுரேனியம், கூடங்குளத்தில் போடுவது 5 சதவீதத்துக்கும் கீழே. அதற்காகப் பயமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, செர்னோபிலும் ஃபுகுஷிமாவும் குண்டு மாதிரி வெடிக்கவில்லை, ஆனாலும் ஊர் காலியானது. அது வேறு வகை ஆபத்து, அதைத் தனி இழையில் பேசலாம், இங்கே ஆரம்பித்தால் விடியும்வரை ஓடும்.

கடியப்பட்டணத்தான்:

ரொம்ப நன்றி சார், எல்லோருக்கும். கடைசியாக ஒன்று மட்டும். தோரியத்திலிருந்து வரும் அந்த யுரேனியம்-233, அதை வைத்து யாராவது எதாவது ஓட்டியிருக்கிறார்களா, இல்லை இன்னும் பேப்பரில்தானா?

தக்கலை வாத்தியார்:

குண்டாகவும் பார்த்துவிட்டார்கள். 1955-ல் நெவாடாவில் அமெரிக்கா 233 கலந்த ஒன்றை வெடித்துப் பார்த்தது, எதிர்பார்த்த அளவுக்கு வெடிக்கவில்லை. 233-ஓடு ஒட்டிக்கொண்டு வரும் யுரேனியம்-232 சிதையும்போது கிளம்பும் கடுமையான காமாக் கதிரால் அதைக் கையாள்வதும் தொல்லை. உலையாக வேண்டும் என்றால் நம்ம கல்பாக்கத்திலேயே இருக்கிறது, காமினி என்று பெயர், 1996-லிருந்து 233-ல்தான் ஓடுகிறது. 30 கிலோவாட், அதில் கரண்ட் எடுப்பதில்லை, நியூட்ரானை வைத்துப் பொருள்களின் உள்ளே படம் பிடிக்கத்தான் பயன்படுத்துகிறார்கள். தோரியத்தில் பெரிய மின்நிலையம் என்பது அணு விஞ்ஞானி ஹோமி பாபா நம்ம நாட்டு அணுமின்சாரத்துக்குப் போட்ட மூன்று கட்டத் திட்டத்தில் மூன்றாவது கட்டம், நாம் இன்னும் இரண்டாவதில் நிற்கிறோம்.